பேட்டன்ட் வாங்குவது இருக்கட்டும்... படித்திருக்கிறீர்களா?

காலை எட்டரை மணிக்கு சத்திரம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், திருச்சி மாவட்டத்தின் பாதித் தொழில் நம் கண் முன்னால் பஸ் மாறும். முசிறி, தொட்டியம் பஸ்களிலிருந்து வாழை வியாபாரிகள் இறங்குகிறார்கள். துவாக்குடி பஸ்ஸுக்கு டிபன் கேரியரோடு ஓடுகிறவர்கள், பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் வெல்டர்கள், ஃபிட்டர்கள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குப் போகும் கூடைகள் ஏறுகின்றன. இவர்களுக்கு நடுவே செயின்ட் ஜோசப் கல்லூரிக்கும் ஹோலி கிராஸ் கல்லூரிக்கும் நடக்கிற மாணவர் கூட்டம். எல்லார் கையிலும் போன்.

இந்தக் கூட்டத்தில் பேட்டன்ட் என்று பேச்செடுத்தால் வழக்கமாக மூன்று விதமான பதில்கள்தான் வரும். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரம் சார்" என்பார் பட்டறைக்காரர். "வக்கீலுக்கே லட்சக்கணக்குல ஆகுமாமே" என்பார் விவசாயி. "எங்க காலேஜ்ல போன வருஷம் மட்டும் எத்தனை பேட்டன்ட் தெரியுமா?" என்பார் பேராசிரியர். மூவர் பேசுவதும் பேட்டன்ட் வாங்குவதைப் பற்றித்தான். அதைப் படிப்பது என்று ஒன்று உண்டு என்பது யார் பேச்சிலும் வராது.

ஆனால், நம்மூர்க்காரர்களுக்கு உடனடி லாபம் இருப்பது படிப்பதில்தான். உலகம் முழுக்கப் பதிவான 15 கோடிக்கும் மேற்பட்ட காப்புரிமை ஆவணங்கள், வரைபடம், பாகங்களின் விளக்கம், வேலை செய்யும் விதம் எல்லாவற்றோடும், லால்குடி பஸ் வருவதற்குள் கையிலிருக்கும் போனில் திறந்து பார்க்கக் கிடைக்கின்றன. காசு வேண்டாம், உறுப்பினர் அட்டை வேண்டாம்.

கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஊருக்குக் காட்டுவாரா என்று கேட்கலாம். காட்டித்தான் ஆக வேண்டும். காப்புரிமை என்பதே அரசாங்கத்தோடு போட்டுக்கொள்ளும் ஓர் ஒப்பந்தம். 'இதை எப்படிச் செய்வது என்று, இந்தத் துறை தெரிந்த ஒருவர் படித்துவிட்டுச் செய்துபார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடு. பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் வேறு யாரும் உன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.' இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 சொல்வதன் சாரம் இவ்வளவுதான். மறைத்து எழுதினால் அதையே காரணமாகக் காட்டிக் காப்புரிமையை ரத்து செய்ய முடியும்.

இதில் பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, காப்புரிமைக்கு எல்லைக்கோடு உண்டு. ஜப்பானில் வாங்கியது ஜப்பானோடு சரி. இந்தியாவில் விண்ணப்பிக்கவே இல்லை என்றால், அதை இங்கே செய்து இங்கே விற்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவது, அதற்கு ஆயுள் உண்டு. 20 வருடம் என்பது உச்சவரம்புதான். வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் நடுவிலேயே செத்துவிடும். அப்படி விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஆக, அந்தக் கோடிக்கணக்கான ஆவணங்களில் பெரும்பாலானவை இன்று இந்தியாவில் யாரையும் தடுக்கும் வலு இல்லாதவை. படிக்கவும், செய்து பார்க்கவும், விற்கவும் தடையில்லாதவை.

ரயிலேறி நாக்பூருக்கு...

இணையம் வருவதற்கு முன் இந்தத் தேடல் எப்படி இருந்தது என்று இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1980-ல் மத்திய அரசு நாக்பூரில் காப்புரிமைத் தகவல் மையம் ஒன்றைத் தொடங்கியது. வெளிநாட்டுக் காப்புரிமை ஆவணம் வேண்டுமென்றால் அங்கே எழுதிக் கேட்க வேண்டும், அல்லது நேரில் போக வேண்டும். சென்னை, கொல்கத்தா அலுவலகங்களில் தாள் கட்டுகளைப் புரட்டலாம். துவாக்குடியில் லேத் ஓட்டுகிறவர் இதற்காக வேலையை விட்டுவிட்டு நாக்பூருக்கு ரயிலேறுவாரா?

1997-ல் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்தது. உலகமே மூக்கில் விரல் வைத்தது. சில வருடங்களில் அது கைமாறி, காசு கேட்கும் சேவையாகிவிட்டது. கம்பெனிகள் கொடுக்கும் இலவசத்தின் ஆயுள் அவ்வளவுதான். 1998-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் எஸ்பாஸ்நெட் என்ற தளத்தைத் தொடங்கியது. பொது நிறுவனம் நடத்துவதால் இன்றுவரை இலவசமாகவே நிற்கிறது. 2006 டிசம்பரில் கூகுள் பேட்டன்ட்ஸ் வந்தது. ஐ.நா. அமைப்பான உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பேட்டன்ட்ஸ்கோப், ஆஸ்திரேலியாவின் காம்பியா என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் தி லென்ஸ் என்று இன்று நல்ல தளங்கள் நான்கைந்து உண்டு. அமெரிக்கா, ஜப்பான், கொரியா, ஜெர்மனி அலுவலகங்கள் தங்கள் சொந்தத் தளங்களையும் திறந்துவைத்திருக்கின்றன. இந்தியாவுக்கு இன்பாஸ்.

எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. கூகுள் பேட்டன்ட்ஸில் ஆரம்பித்து, எஸ்பாஸ்நெட்டில் ஆழமாகப் போய், இன்பாஸில் நம் நாட்டு நிலவரத்தைப் பார்த்து முடித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வாழை மரத்தை வைத்துப் பார்ப்போம்

காவிரிக் கரையில் லால்குடியிலும் தொட்டியத்திலும் பூவனும் ஏலரிசியும் நேந்திரனும் தார் வெட்டிய பிறகு மரம் என்ன ஆகிறது? வெட்டி வரப்பில் போடுவார்கள், அல்லது அப்படியே உழுதுவிடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் மாலை கட்ட உதவும் நார், அந்த மரம் தரக்கூடியதில் துளி. தாயனூரில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், மட்டையிலிருந்து நார் எடுப்பதைப் பற்றிப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. நார் உரிக்கும் மெஷினை நம் பட்டறைகளே செய்யலாம். செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், நார் அறுந்துபோகிறது, சோறு ஒட்டிக்கொண்டு வருகிறது, மட்டை ஊட்டுகிற ஆளின் விரலுக்கு ஆபத்து என்று மூன்று புகார்கள் எங்கும் கேட்கும்.

இதே மூன்று புகார்களும் உலகத்தில் வாழை விளையும் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள்?

கூகுள் பேட்டன்ட்ஸில் ஆங்கிலத்தில் 'பனானா ஃபைபர் மெஷின்' என்று தட்டினால் உணவு நார்ச்சத்து, பிஸ்கட், காகிதம் என்று சம்பந்தமில்லாததெல்லாம் வந்து விழும். காப்புரிமை எழுதுகிறவர்கள் சந்தைப் பேச்சில் எழுதுவதில்லை. வாழை மரத்தை 'சூடோஸ்டெம்' என்பார்கள், நார் உரிக்கும் மெஷினை 'டெகார்டிகேட்டர்' என்பார்கள். இந்த இரண்டையும் போட்டால் தேடல் சட்டென்று சரியான பாதையில் விழுகிறது. கற்றாழை நார், சணல் மெஷின்கள்கூட வரும். வரட்டும், எந்திரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அடுத்த படிதான் முக்கியம். பொருத்தமான ஓர் ஆவணம் கிடைத்ததும் அதன் வகைப்பாட்டு எண்ணைப் பாருங்கள். செடியின் தண்டு, இலைகளிலிருந்து நார் பிரிக்கும் எந்திரங்களுக்கு 'டி01பி 1/10' என்று ஓர் எண் இருக்கிறது. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுகிற மாதிரி, ஆவணம் எந்த மொழியில் இருந்தாலும் இந்த எண் மாறாது. எஸ்பாஸ்நெட்டில் இந்த எண்ணைத் தட்டினால், நம் சொல் எதுவும் இல்லாத ஆவணங்களும் வரிசையாக வந்து நிற்கும். வாழை நார் விஷயத்தில் சீன ஆவணங்கள்தான் கும்பல் கும்பலாக வருகின்றன. அங்கே ஹைனான், குவாங்சி பகுதிகளில் நம் காவிரிக் கரைபோலவே வாழை. சீனம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்பை எந்திரமே போட்டுக் கொடுத்திருக்கிறது. அதுவும் புரியவில்லை என்றால் படத்தைப் பாருங்கள். இருபது வருடம் பட்டறையில் நின்றவருக்கு வரைபடம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் தாய்மொழிதான்.

படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். ஊட்டு உருளை, கத்தி பதித்த டிரம், அதற்கு எதிரே அசையாத தகடு, கழிவு விழும் வாய். டிரம் கத்திக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குறைந்தால் நார் அறும், கூடினால் சோறு ஒட்டும். ஒருவர் தகட்டை ஸ்பிரிங்கில் தாங்கவைப்பார். இன்னொருவர் திருகு வைத்து மட்டையின் தடிமனுக்கேற்ப மாற்றுவார். வேறொருவர் இரண்டு ஜோடி உருளைகளை வைத்து, கையை உள்ளே விடவேண்டிய தேவையையே எடுத்துவிடுவார். மூன்று புகார்களுக்கும் விடை எழுதிக் கிடக்கிறது. இதைத்தான் நம் பட்டறைக்காரர் ஒவ்வொரு முறையும் வெட்டி, ஒட்டி, உடைத்து, இரும்பையும் நாளையும் செலவழித்துத் தானே கண்டுபிடிக்கிறார்.

பார்த்தாயிற்று. அப்படியே செய்து விற்கலாமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஆவண எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் பெரும்பாலும் விண்ணப்பம் மட்டும், 'பி' என்றால் வழங்கப்பட்ட காப்புரிமை. சீன ஆவணத்தில் 'யு' என்றிருந்தால் அது பயன்பாட்டு மாதிரி என்ற சின்ன வகை. கடுமையான பரிசோதனை இல்லாமல் கிடைப்பது, 10 வருடம்தான் ஆயுள், இந்தியச் சட்டத்தில் அப்படியொன்று கிடையாது. அடுத்து, எஸ்பாஸ்நெட்டில் அந்த ஆவணத்தின் 'குடும்பம்' என்ற பகுதியைத் திறந்தால், அதே கண்டுபிடிப்புக்கு எந்தெந்த நாடுகளில் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். சீனாவில் மட்டும் என்றால் நமக்குத் தடையில்லை. புத்தம்புதிய ஆவணம் என்றால் மட்டும் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். சர்வதேச ஒப்பந்தத்தின்படி விண்ணப்பித்தவருக்கு, முதல் விண்ணப்பத்திலிருந்து 31 மாதத்துக்குள் இந்தியாவுக்குள் நுழைய உரிமை உண்டு.

அந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயரும் இருந்தால் படிக்க வேண்டியது ஒரே ஒரு பகுதி. ஆவணத்தின் கடைசியில் 'நாங்கள் உரிமை கோருவது' என்று தொடங்கும் வரிகள். முன்னால் இருபது பக்கம் என்ன எழுதியிருந்தாலும் வேலி போடப்பட்டிருப்பது அந்த வரிகளுக்குள்தான். ஊட்டு உருளை, ஸ்பிரிங் தகடு, தண்ணீர் தெளிப்பான் மூன்றும் சேர்ந்த எந்திரம் என்று முதல் கோரிக்கை சொன்னால், தண்ணீர் தெளிப்பான் இல்லாமல் செய்கிறவர் பொதுவாக அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். 'பொதுவாக' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மெஷினை நூறு கணக்கில் செய்து விற்கப் போகிறவர், அப்போதாவது ஒரு காப்புரிமை முகவரிடம் காட்டிவிடுவது நல்லது. கூகுளே தன் பக்கத்தில், சட்ட நிலை பற்றித் தான் காட்டுவது ஓர் அனுமானம்தான், சட்ட முடிவல்ல என்று எழுதிவைத்திருக்கிறது.

கேப்சாவோடு ஒரு மல்லுக்கட்டு

இன்பாஸ் தளம் அழகுப் போட்டிக்குப் போகாது. ஒவ்வொரு தேடலுக்கும் கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்லும். நடுவில் பக்கம் காலாவதியாகும். போனில் பெட்டிகள் நெளியும். ஆனால், இந்திய ஆவணங்கள் கூகுளில் முழுமையாக இல்லாததால் இங்கே வராமல் முடியாது. 'வெளியிடப்பட்டவை', 'வழங்கப்பட்டவை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் டிக் செய்துவிட்டு, தலைப்பு, சுருக்கம், விண்ணப்பதாரர் பெயர் என்று தேடலாம். விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் அதன் இன்றைய நிலை, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா, காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபங்களும் விண்ணப்பதாரர் சொன்ன பதில்களும்கூட அங்கே உண்டு. ஒரு விண்ணப்பம் எங்கே உதை வாங்கியது என்று படிப்பதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம். இப்போதைய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் வருடம், ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகம். திருச்சிக்காரர்கள் விண்ணப்பிப்பது அங்கேதான். பழைய எண்களில் 'எம்.ஏ.எஸ்.' என்று இருக்கும். சென்னை சென்ட்ரல் ரயில் டிக்கெட்டில் பார்த்திருக்கிறோமே, அதே மெட்ராஸ்.

அப்படி 'எம்.ஏ.எஸ்.' போட்ட ஒரு எண் உலகப் புகழ் பெற்றது. 1602/எம்.ஏ.எஸ்./1998.

ஒரு பழைய காகிதம் செய்த வேலை

ரத்தப் புற்றுநோய்க்கான க்ளீவெக் மருந்துக்காக ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998 ஜூலையில் சென்னை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் அது. அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. 2005-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்த விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுக்கப்பட்டது. நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து 10,000 ரூபாய்க்குள். காப்புரிமை கிடைத்தால் இரண்டாவது விலை காணாமல் போகும்.

புற்றுநோயாளிகளுக்கான அறக்கட்டளையும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு போட்டன. அவர்கள் கையிலெடுத்த ஆயுதங்களில் முக்கியமானது, 1996-ல் வழங்கப்பட்ட ஓர் அமெரிக்கக் காப்புரிமை. எண் 5,521,184. கண்டுபிடித்தவர் ஸிம்மர்மன். இமாட்டினிப் என்ற மூலக்கூறு அதிலேயே இருக்கிறது, இப்போது கேட்பது அதன் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு மட்டும்தான், இதில் புதிது என்ன என்பது வாதம். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நோவார்ட்டிஸ் தோற்றது.

தீர்ப்பில் ஒரு சுவையான இடம். அந்த உப்பு ஸிம்மர்மன் காப்புரிமைக்குள் அடங்காது, அது தனிக் கண்டுபிடிப்பு என்று நோவார்ட்டிஸ் இங்கே வாதாடியது. ஆனால், நாட்கோ என்ற இந்திய நிறுவனம் அதே மருந்தை பிரிட்டனில் விற்றபோது, ஸிம்மர்மன் காப்புரிமையை மீறுவதாகச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியதும் இதே நோவார்ட்டிஸ்தான். அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு. நீதிமன்றம் அதை எடுத்துக் காட்டியது. அந்த 5,521,184 என்ற எண்ணை இன்று யாரும் கூகுள் பேட்டன்ட்ஸில் தட்டிப் படிக்கலாம். கோடிக்கணக்கான ரூபாய் வழக்கைத் தீர்மானித்த காகிதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்கும் கிடைக்கிறது.

எதிர்க்கும் உரிமையும் அப்படித்தான். காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்க இந்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. காசநோயிலிருந்து மீண்ட, அதற்கான சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்த மும்பைப் பெண் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேஸா டிசிலேவும் பெடாகுவிலின் மாத்திரைக்கான கூடுதல் காப்புரிமையை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பைக்கிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் என்று பஜாஜ் காப்புரிமை வைத்திருக்க, டி.வி.எஸ். 2007-ல் ஃபிளேம் பைக்கைக் கொண்டுவந்தது. ஓசூர் கம்பெனிக்கும் புனே கம்பெனிக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் சண்டை. பஜாஜின் காப்புரிமையில் புதுமை இல்லை என்று காட்ட டி.வி.எஸ். தூக்கிக் காட்டியது, ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையை. 2008-ல் டி.வி.எஸ்ஸுக்குத் தடை, 2009-ல் தடை நீக்கம், உச்ச நீதிமன்றம் வரை பயணம், கடைசியில் 2019-ல் சமாதானம். அதற்குள் ஃபிளேமை மக்கள் மறந்தே போனார்கள்.

மஞ்சள் மீண்டது, சித்தம் பூட்டிக் கிடக்கிறது

மஞ்சள் கதை எல்லோருக்கும் தெரியும். காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-ல் அமெரிக்காவில், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டி வைத்தியம் என்று சத்தம் போட்டால் அங்கே எடுபடாது, எழுத்தில் ஆதாரம் வேண்டும். மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் 32 சான்றுகளை அடுக்கியது. அதில் சம்ஸ்கிருத, உருது, இந்தி நூல்களும் இருந்தன, 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் இருந்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

அந்த அனுபவத்தில் 2001-ல் தொடங்கப்பட்டதுதான் பாரம்பரிய அறிவு மின் நூலகம். ஆயுர்வேதம், யுனானியோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலிருந்தும் மருந்து முறைகளை எடுத்து ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் ஐந்திலும் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 4 லட்சத்துக்கும் மேல். ஐரோப்பிய அலுவலகம், அமெரிக்க அலுவலகப் பரிசோதகர்கள் ஒப்பந்தப்படி உள்ளே போய்ப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் சித்த வைத்தியர் பார்க்க முடியாது. அவருக்கு மாதிரிக்குச் சில மட்டும். 2022-ல் மற்றவர்களுக்கும் திறக்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது, அதுவும் கட்டணச் சந்தாவோடு.

திறந்துவைத்தால் திருடர்கள் சுலபமாகத் திருடுவார்கள் என்பது அரசின் பயம். அந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாதுதான். ஆனாலும், மூல நூல்கள் அச்சாகிக் கடைகளில் விற்கின்றன. தேடும் வசதியை மட்டும் பூட்டிவைத்து யாரைத் தடுக்கிறோம்? சீனாவின் வாழை மெஷினை நம்மால் இலவசமாகப் பார்க்க முடிகிறது, நம் சூரணத்தைப் பார்க்க முடியவில்லை. இது சரியில்லை.

கல்லூரி வாசல் பேனர்

தேடத் தெரிந்தால் வேறு சில பூனைகளும் வெளியே வரும். கல்லூரி வாசலில் 'பேட்டன்ட் பெற்ற எங்கள் பேராசிரியர்' என்ற பேனரைப் பார்த்தால் எண்ணைக் கேட்டு வாங்கி இன்பாஸில் போட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அது வெளியிடப்பட்ட விண்ணப்பமாக இருக்கும். விண்ணப்பம் போட்ட எல்லோருடையதும் 18 மாதம் கழித்து வெளியாகத்தான் செய்யும். தனியாகப் பணம் கட்டிக் கேட்டால் இன்னும் சீக்கிரம் வெளியாகும். வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை அலுவலக இதழில் பெயர் வந்ததற்கு மாலை போடுவது, பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்ததற்குக் கேக் வெட்டுவதுபோல.

இன்னொரு கூத்து, பிரிட்டனில் டிசைன் பதிவு. பொருளின் வெளித்தோற்றத்துக்கான அந்தப் பதிவில் புதுமை இருக்கிறதா என்று அங்கே சோதிப்பதில்லை. சில வாரங்களில் சான்றிதழ் வந்துவிடும். அதை 'இன்டர்நேஷனல் பேட்டன்ட்' என்று சொல்லி, ஆசிரியர்களிடம் பெயருக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தரகர்கள் வாட்ஸ்அப்பில் உலவுகிறார்கள். தரவரிசைப் புள்ளிகளுக்காகப் பணத்தைத் தொலைக்கிறார்கள் பாவம். தரகர்களைத் திட்டுவதோடு புள்ளி போடுகிறவர்களையும் ஒரு வார்த்தை திட்டத்தான் வேண்டும்.

செய்தித்தாள்களும் லேசுப்பட்டவை அல்ல. 2023-ல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது 'முறுக்குக்கு பேட்டன்ட்' என்று பேசிக்கொண்டவர்கள் ஏராளம். ஊர்ப் பெயருக்குக் கிடைப்பது புவிசார் குறியீடு. முறுக்குப் பிழியப் புதிதாக ஒரு மெஷின் செய்தால்தான் காப்புரிமைப் பேச்சு.

தேடியும் சிக்காதவை

அந்த 18 மாதம் ஓர் இருட்டு. நேற்று யாரோ விண்ணப்பித்திருந்தால் இன்று எந்தத் தளத்திலும் தெரியாது. 'உலகத்திலேயே இல்லை, நான்தான் முதல்' என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. காப்புரிமையே வாங்காமல் பட்டறைகளில் புழங்கும் எந்திரங்களும் தளங்களில் இருக்காது. ஆனால், அவையும் புதுமையைக் கெடுக்கும். ஆகவே, யூடியூபையும், தி லென்ஸில் ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்த்த பிறகும் தன் எண்ணம் புதிதுதான் என்று தோன்றினால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். லட்சம் ஆகும் என்பது அரசுக் கட்டணத்தைப் பற்றிய பேச்சல்ல, எழுதித் தருகிறவர்களின் கட்டணம். எதைக் கோர வேண்டும் என்று தெளிவோடு போகிறவரிடம் அதுவும் குறையும்.

படிக்காமல் விட்டதற்கு நம்மூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருச்சியைச் சுற்றி வீட்டுக்கு வீடு செயற்கை வைரம் பட்டை தீட்டிய காலம் ஒன்று இருந்தது. எந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கல் வந்து அந்தத் தொழிலை அடித்தது. ரத்தினக் கற்களைப் பட்டை தீட்டும் எந்திரங்களுக்கும் வகைப்பாட்டில் ஓர் எண் உண்டு, 'பி24பி 9/16'. அந்த எந்திரங்கள் எப்படி உருவாகின்றன என்பது வருடக்கணக்காகப் பொதுவெளியில் அச்சாகிக்கொண்டிருந்தது. இங்கே அதைப் படிக்க ஆளில்லை.

திருவெறும்பூர் பக்கம் என்.ஐ.டி. வளாகத்தில், 1986-லிருந்து ட்ரெக்-ஸ்டெப் என்ற தொழில்முனைவோர் பூங்கா இயங்குகிறது. அங்கே தேடிப் போகத் தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை. போகத் தெரியாதவர்களுக்காக ஒரு வேண்டுகோள். மாவட்ட மைய நூலகத்திலும் ஐ.டி.ஐ.களிலும் ஒரு கணினியைக் காப்புரிமைத் தேடலுக்கென்றே ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு மாலை, தமிழில் சொல்லித்தர ஓர் ஆளைப் போடுங்கள். செயின்ட் ஜோசப்பிலும் ஹோலி கிராஸிலும் ஆங்கிலமும் அறிவியலும் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கல்லூரிகள் கேட்டால் வருவார்கள். இன்பாஸ் பக்கத்தின் பெட்டிகளுக்காவது தமிழில் பெயர் போட மத்திய அரசுக்கு மாநில அரசு எழுதட்டும். சித்த மருத்துவப் பகுதியைக் கட்டணமில்லாமல் திறக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேட்கட்டும்.